நடுத்தர விலையில் நல்ல வீணை வாங்குவது எப்படி? 23,000 ரூபாய் இழந்த பிறகு நான் கத்துக்கிட்டது

போன மாசம் சேனல்ல "சம்பளத்துல முதல் பெரிய செலவு" பத்தி பேசினப்போ, கமென்ட்ல நிறைய பேர் ஒரே மாதிரி ஒரு விஷயம் கேட்டிருந்தீங்க. "ப்ரோ, சின்ன வயசுல வீணை கத்துக்கிட்டேன், பத்தாவது வந்ததும் நிறுத்திட்டாங்க. இப்ப சொந்தச் சம்பளத்துல ஒண்ணு வாங்கணும். எவ்வளவு செலவு பண்ணலாம்?" சிலர் தங்களுக்காகக் கேட்டீங்க, சிலர் அம்மாவுக்காக, சிலர் பொண்ணுக்காக.

போன், பைக்னா விலையை ஒப்பிட்டுப் பார்க்க ஆயிரம் வெப்சைட் இருக்கு. வீணைக்கு அப்படி எதுவும் இல்ல. ஒரே மாதிரி தெரியுற ரெண்டு வீணைக்கு நடுவுல இருபதாயிரம் ரூபாய் வித்தியாசம் இருக்கும், ஏன்னு கேட்டா "குவாலிட்டி சார்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. அந்தக் குவாலிட்டி எங்க இருக்குன்னு தெரியாம வாங்கி 23,000 ரூபாய் விட்டவன் நான். அதனால இந்தக் கட்டுரையை எழுத எனக்கு முழுத் தகுதி இருக்கு!

முதல்ல என் கதை

எங்க அம்மாவுக்குக் கல்யாணத்துல தாத்தா கொடுத்தது ஒரு வீணை. நான் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம் ஃபீஸ் கட்ட அதை வித்துட்டாங்க. வீட்ல யாரும் அதைப் பத்திப் பேசுனதில்ல. எனக்கு முதல் போனஸ் வந்தப்போ மனசுல வந்த முதல் விஷயம் அதுதான்.

அம்மாவுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு யார்கிட்டயும் கேக்காம, படத்தைப் பார்த்து ஒரு வீணையை ஆர்டர் பண்ணேன். மயில் செதுக்கினது, வெள்ளை வேலைப்பாடு, பளபளன்னு பாலிஷ். 28,000 ரூபாய். மே மாசம் பார்சல்ல வந்து இறங்குச்சு. அம்மா பிரிச்சுப் பார்த்து, "நல்லா இருக்குப்பா"ன்னு சொன்னாங்க. நவராத்திரிக்கு ஒரு நாள் வாசிச்சாங்க. அதுக்கப்புறம் அது ஹால் மூலையில துணி போர்த்தி நின்னுச்சு.

நாலு மாசம் கழிச்சு அக்காதான் போன்ல சொன்னா: "டேய், அதுல காந்தாரம் எங்க இருக்குன்னே தெரியலையாம். ஸ்ருதியே சேரலையாம். நீ ஆசையா வாங்கிக் கொடுத்தது, உன்கிட்ட சொல்ல அம்மாவுக்கு மனசு வரல."

தெரிஞ்ச ஒரு வீணை ஆசாரியைக் கூப்பிட்டுக் காமிச்சேன். 6,000 வாங்கிட்டு சரி பண்ணாரு. "மெட்டைச் சரி பண்ணிட்டேன் தம்பி, ஆனா தண்டி ஒட்டுன இடமே லூசா இருக்கு. ரொம்ப நாள் தாங்காது"ன்னாரு. கடைசியில அதை 11,000-க்கு வித்தேன். 28,000 கூட 6,000, அதுல 11,000 போக 23,000 நஷ்டம்.

பணம் எங்க போகுதுன்னு புரிஞ்சுக்கோங்க

வீணையோட பாகங்கள் தெரிஞ்சாதான் விலை புரியும். கீழே உருண்டையா இருக்கிறது குடம். அதிலிருந்து நீளமா போறது தண்டி. நுனியில யாளி முகம். தண்டிக்குக் கீழே தொடையில தாங்குற மாதிரி இருக்கிறது சுரைக்காய், இது நாதத்துக்குன்னு சொல்றதை விட வீணையைத் தாங்கத்தான் இப்ப அதிகம் பயன்படுது. குடத்து மேல தந்தியைத் தாங்குறது குதிரை. வாசிக்க 4 தந்தி, தாளத்துக்கு 3 தந்தி, மொத்தம் 7. தண்டி மேல வரிசையா 24 உலோக மெட்டு. இந்த 24 மெட்டு நிரந்தரமா பொருத்துற முறை 17-ஆம் நூற்றாண்டுல தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்துல வந்ததா சொல்வாங்க. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு.

நீங்க கொடுக்குற பணம் நாலு விஷயத்துக்குப் போகுது.

1. மரம். நல்ல வீணைக்குப் பலா மரம்தான். வயசான மரமா, நல்லா காய்ஞ்சதா இருக்கணும். ஈரம் போகாத மரத்துல செஞ்சா ரெண்டு வருஷத்துல தண்டி வளையும், விரிசல் விடும்.

2. ஏகாண்டமா, ஒட்டா? ஒரே மரத்துண்டுல குடம், தண்டி எல்லாம் குடைஞ்சு எடுத்தா ஏகாண்ட வீணை. தனித்தனியா செஞ்சு சேர்த்தா ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்குப் பெரிய மரம் வேணும், வேலையும் அதிகம், அதனால விலை ஏறும். ஆனா ஒட்டு வீணைன்னாலே மட்டம்னு நினைச்சிடாதீங்க. ஒட்டு சுத்தமா, இறுக்கமா இருந்தா வீட்ல வாசிக்க தாராளமா போதும். நடுத்தர பட்ஜெட்ல பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்கப் போறதும் நல்ல ஒட்டு வீணைதான்.

3. மேளம். இதுதான் உயிர். தேன்மெழுகுல கரித்தூள் கலந்து, அந்தக் கறுப்பு மெழுகுல ஒவ்வொரு மெட்டையும் காதால கேட்டுக் கேட்டு பதிக்கிற வேலைக்குப் பேரு மேளம் கட்டுறது. ஒரு மெட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் அந்த ஸ்வரமே தப்பு. என் முதல் வீணையில போனது இதுதான். மே மாச வெயில்ல, லாரியில மெழுகு இளகி மெட்டு நகர்ந்திருக்கு.

4. அலங்காரம். மயில், வெள்ளை வேலைப்பாடு, தங்க நிற பெயின்ட். நாதத்துக்கு இதனால எந்தப் பயனும் இல்ல. ஆனா போட்டோவுல தெரியுறது இது மட்டும்தான்!

அதனால நடுத்தர பட்ஜெட்டுக்கு என் ஒரே விதி: மரத்துக்கும் மேளத்துக்கும் காசு கொடுங்க, மயிலுக்குக் கொடுக்காதீங்க. பார்க்க சாதாரணமா இருக்கிற வீணையிலதான் உங்க காசு சரியான இடத்துக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

கடையில 10 நிமிஷ டெஸ்ட்

வாசிக்கத் தெரியாதவங்க கூட இதைச் செய்யலாம். போன்ல ஒரு இலவச ட்யூனர் ஆப் போட்டுக்கோங்க.

முதல் டெஸ்ட்: தந்தியை சும்மா மீட்டி ஸ்வரத்தைப் பாருங்க. அப்புறம் 12-வது மெட்டுல அழுத்தி மீட்டுங்க. அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேல வரணும். 24-வது மெட்டுல இன்னொரு ஸ்தாயி மேல. அது சரியா இருந்தா நடுவுல இருக்கிற ஒவ்வொரு மெட்டையும் பாருங்க, அரை ஸ்வரம் அரை ஸ்வரமா ஏறணும். முதல் தந்தியில சரியா இருந்தா போதாது, நாலு தந்தியிலயும் பாருங்க.

ரெண்டாவது: தந்தியை மெட்டு மேலயே பக்கவாட்டுல இழுத்துப் பாருங்க. வீணையில கமகமே இப்படித்தான் வருது. இழுக்குறப்போ தந்தி கரகரன்னு உரசக் கூடாது, மெட்டு ஆடக் கூடாது, நாதம் நடுவுல செத்துப் போகக் கூடாது.

மூணாவது: ஒரு தடவை மீட்டிட்டு விடுங்க. நாதம் எத்தனை நேரம் நிக்குதுன்னு கவனிங்க. ரெண்டு மூணு வீணையில இதையே செஞ்சா வித்தியாசம் உங்களுக்கே கேக்கும்.

நாலாவது: பிருடையைத் திருகி ஸ்ருதி சேர்த்துட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாருங்க. ஸ்ருதி இறங்கியிருந்தா பிருடை வழுக்குது. இது சின்ன வேலைதான், வாங்குறதுக்கு முன்னாடியே சரி பண்ணிக் கொடுக்கச் சொல்லுங்க.

அஞ்சாவது: குடமும் தண்டியும் சேர்ற இடத்துல விரலால தடவிப் பாருங்க. இடைவெளி, புதுசா பூசின பாலிஷ், மெல்லிய விரிசல் எதுவும் இருக்கக் கூடாது. தண்டியை ஒரு நுனியிலிருந்து கண்ணை வச்சு நேரா பாருங்க, வளைவு தெரிஞ்சா வேண்டாம்.

இதை எல்லாத்தையும் விட முக்கியமான டெஸ்ட்: வாசிக்கப் போறவங்களை உக்கார வச்சு மடியில வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. கை எட்டுதா, தோள் வலிக்குதான்னு அவங்களுக்குத்தான் தெரியும். இதனாலதான் சர்ப்ரைஸ் வேண்டாங்குறேன்.

பட்ஜெட் எப்படிப் போடுறது?

வீணை விலையை மட்டும் பட்ஜெட்னு நினைக்காதீங்க. மொத்தத் தொகையில 85% வீணைக்கு, மீதி 15% கூட வர்ற செலவுக்குன்னு பிரிச்சுக்கோங்க. உறை அல்லது பெட்டி, ஸ்பேர் தந்தி செட், கொண்டு வர்ற செலவு எல்லாம் அதுல வரும். இது போக, சில வருஷத்துக்கு ஒரு தடவை மேளம் திரும்பக் கட்டணும். இது ரிப்பேர் இல்ல, பைக்குக்கு சர்வீஸ் மாதிரி. மாசம் 200 ரூபாய் தனியா எடுத்து வச்சா மூணு வருஷத்துல 7,200 சேர்ந்திடும், அப்ப கைக்கடி இருக்காது.

பில்லைக் கவனிங்க. கையால செய்யுற நம்ம நாட்டு இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. சரஸ்வதி வீணை அந்தப் பட்டியல்ல இருக்கு. வீணை விலை மேல யாராவது வரின்னு சேர்த்தா, எதுக்குன்னு கேளுங்க. பெட்டி, பிக்-அப் மாதிரி தனிப் பொருளுக்கு வரி இருக்கலாம், அதைத் தனி வரியா பில்லுல போடச் சொல்லுங்க.

லோன் வேண்டாம். 42,000 ரூபாயை 16% வட்டியில ரெண்டு வருஷ பர்சனல் லோனா எடுத்தா, மாசம் சுமார் 2,056 கட்டணும். மொத்த வட்டி மட்டும் சுமார் 7,350. அந்தக் காசுல ஒரு தடவை மேளமே கட்டிடலாம். "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னாலும் அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டியும், பல கார்டுல பிராசஸிங் ஃபீஸும் உங்க தலையிலதான் விழும். அதுக்குப் பதிலா மாசம் 7,000 வீதம் ஆறு மாச ஆர்டி போடுங்க. 42,000 கையில இருக்கும், சின்னதா வட்டியும் வரும். ஆர்டர் கொடுத்து செய்யச் சொன்னா எப்படியும் காத்திருக்கத்தான் வேணும். அட்வான்ஸ் கொடுக்குறப்போ மரம், ஏகாண்டமா ஒட்டா, டெலிவரி தேதி, மீதித் தொகை எல்லாத்தையும் ரசீதுல எழுதி வாங்கிக்கோங்க.

பழைய வீணை வாங்கலாமா?

தாராளமா! எத்தனையோ வீட்ல அத்தையோட வீணை, பாட்டியோட வீணை பரண் மேல தூங்குது. மரம் நல்லா இருந்தா, மேளம் திரும்பக் கட்டி, தந்தி மாத்தினா புதுசுல பாதி விலையில அருமையான வீணை கிடைக்கும். விலை பேசுறதுக்கு முன்னாடி ஒரு ஆசாரியையோ வீணை டீச்சரையோ கூட்டிட்டுப் போய்க் காமிங்க, அவங்களுக்குக் கொடுக்குற ஆயிரம் ரூபாய் வீண் செலவு இல்ல. மெட்டுல தந்தி உரசி பள்ளம் விழுந்திருந்தா மெட்டும் மாத்தணும், அந்தச் செலவைக் கழிச்சு விலை பேசுங்க.

ஒரு எச்சரிக்கை. ரொம்பப் பழைய வீணையில வெள்ளை வேலைப்பாடு யானைத் தந்தமா இருக்கலாம். தந்தம் வாங்குறதும் விக்கிறதும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "ஒரிஜினல் தந்தம் சார்"னு பெருமையா சொல்லி விலை ஏத்துனா, கும்பிடு போட்டுட்டு வெளிய வந்திடுங்க.

இன்னும் கத்துக்கவே ஆரம்பிக்கலைன்னா, முதல் மூணு மாசம் டீச்சர் வீட்டு வீணையில பழகுங்க. தொடர்ந்து போறீங்கன்னு உங்களுக்கே நம்பிக்கை வந்த பிறகு வாங்குங்க.

ரெண்டாவது வீணை

ஆறு மாச ஆர்டி முடிஞ்சதும் அம்மாவைத் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போனேன். இந்தத் தடவை எதுக்குப் போறோம்னு முன்னாடியே சொல்லிட்டேன். "இன்னொண்ணு எதுக்குப்பா"ன்னு பஸ்ஸுல பாதி வழி திட்டிட்டே வந்தாங்க.

பட்டறையில நான் கை காட்டின மூணையும் வேண்டாம்னுட்டாங்க. சுவத்தோரம் பாலிஷ் கூட சரியா போடாம இருந்த ஒண்ணை எடுத்து மடியில வச்சாங்க. ஒவ்வொரு மெட்டா தொட்டுப் பார்த்தாங்க. ஆசாரிகிட்ட, "இந்த ஏழாவது மெட்டு மட்டும் ஒரு பொடி ஏறியிருக்கு, பாருங்க"ன்னாங்க. அவர் காதைக் கிட்ட வச்சுக் கேட்டுட்டு, "ஆமாம்மா"ன்னு மெழுகைச் சூடு பண்ண ஆரம்பிச்சாரு. பத்து வருஷத்துக்கு மேல வீணையைத் தொடாதவங்க!

விலை 42,000. வண்டியில மடியிலயே வச்சுக் கொண்டு வந்தோம். வெயில்ல நிறுத்தின கார்ல வீணையை விட்டுட்டுப் போகாதீங்க, அது நான் காசு கொடுத்துப் படிச்ச பாடம்.

இப்ப தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்ல வீணைச் சத்தம் கேக்குது. அந்த 23,000-ஐ நான் இன்னும் கணக்குல எழுதி வச்சிருக்கேன், "அம்மாகிட்ட கேக்காததுக்கு"ன்னு தலைப்பு போட்டு. உங்க கணக்குல அப்படி ஒரு வரி வராம பார்த்துக்கோங்க.

இந்த வார வீடியோவுல அந்த 10 நிமிஷ டெஸ்ட்டை அம்மாவே செஞ்சு காட்டுறாங்க, தவறாம பாருங்க. நீங்க வீணை வாங்கியிருந்தா எந்த வருஷம், என்ன விலை, ஏகாண்டமா ஒட்டான்னு கமென்ட்ல எழுதுங்க. அடுத்து வாங்கப் போறவங்களுக்கு அதுதான் விலைப்பட்டியல்.