நம் மாநிலத்தை அறிந்துகொள்வோம்



ஆஸ்பத்திரிச் சீட்டில் முதலில் எழுதப்படுவது நோயாளியின் பெயர், வயது, ஊர். "ஊர்" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் மாவட்டம், மாநிலம், ஆட்சிமுறை எல்லாம் அடங்கியிருக்கின்றன. எந்த உதவிக்கு எந்த அலுவலகத்தை நாட வேண்டும் என்பதும் அதைப் பொறுத்ததே. எனவே, சென்னையின் மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளை முன்வைத்துத் தமிழ்நாட்டைப் பற்றிய சில அடிப்படைச் செய்திகளை இங்கே தருகிறோம்.

பெயரும் சின்னங்களும்

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலமாக அமைந்த சென்னை மாநிலம், 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு எனப் பெயர் பெற்றது. அரசு முத்திரையில் கோயில் கோபுரமும் "வாய்மையே வெல்லும்" என்ற சொற்களும் உள்ளன. வரையாடு மாநில விலங்கு, மரகதப்புறா பறவை, செங்காந்தள் மலர், பலா கனி, பனை மாநில மரம். இப்பகுதியில் நமக்கு மிகவும் பழக்கமானது பனைதான். ஏரிக்கரையின் மண் கரையாமல் பிடித்துக்கொள்ளும் என்று கரைநெடுகப் பனை விதைப்பது நம் வழக்கம்.

நிலமும் நீரும்

மாநிலத்தின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். மேற்கே மலைத்தொடர், கிழக்கே வங்கக் கடல். சென்னைப் பகுதிக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று. மூன்று மாத மழையை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளவே முன்னோர் ஏரிகளை அமைத்தார்கள். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கமும் அம்பத்தூருக்கு வடக்கே புழலும் இன்றும் சென்னைக்குக் குடிநீர் தருகின்றன. ஆனால் பல சிறிய ஏரிகளும் வாய்க்கால்களும் சுருங்கி, அவ்விடங்களில் வீடுகள் எழுந்தன. 2015 டிசம்பர் பெருமழையில் தாழ்வான தெருக்கள் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் வயிற்றுப்போக்கு, எலிக்காய்ச்சல், டெங்கு ஆகியவை பரவும் அபாயம் உண்டு. ஏரியைக் காப்பது உடல்நலத்தைக் காப்பதும் ஆகும்.

மக்களும் தொழிலும்

2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 7.21 கோடி. ஏறத்தாழப் பாதிப்பேர் நகரங்களில் வாழ்கிறார்கள். நூற்றுக்கு எண்பது பேர் எழுத்தறிவு பெற்றவர்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்த மேற்குத் திசையில்தான். பின்னர் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலையும், 1960-களில் தொழிற்பேட்டையும், ஆவடியில் டாங்கி தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. வயலும் ஏரியுமாக இருந்த ஊர்கள் தொழில் நகரங்களாயின. இன்று இங்கே தமிழோடு தெலுங்கும் உருதுவும், பிழைப்புத் தேடி வந்த ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் மொழிகளும் கேட்கின்றன.

ஆட்சி

சட்டமன்றத்தில் 234 உறுப்பினர்கள். மேலவை 1986-ல் நீக்கப்பட்டது. மக்களவைக்கு 39 பேரை அனுப்புகிறோம். மாவட்டங்கள் 38. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சாசனப்படி மாநிலத்தின் பொறுப்பு.

குழப்பம் வருவது உள்ளூர் எல்லைகளில்தான். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆனால் அம்பத்தூர் வட்டம் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்தது. அங்கிருந்து மூன்றாவது ரயில் நிலையமான ஆவடி, 2019-ல் தனி மாநகராட்சியானது. அது இன்றும் திருவள்ளூர் மாவட்டமே. பூந்தமல்லி வட்டமும் அப்படியே. ஆகவே ஒரே ரயிலில் வரும் இரு நோயாளிகள் சான்றிதழுக்காக வெவ்வேறு தாசில்தாரிடம் செல்ல வேண்டியிருக்கும்.

இது சிறிய காரியமல்ல. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வேண்டும். அலுவலகம் தவறினால் நாட்கள் வீணாகும். கூலிக்குச் செல்பவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. வெளிமாநிலத் தொழிலாளியாக இருந்தால், இ.எஸ்.ஐ. அட்டை உண்டா என்று முதலில் கேட்பது நல்லது.

அன்பானவர்களே, உங்கள் பகுதியின் வட்டம் எது, மாவட்டம் எது, ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே என்று அறிந்து வையுங்கள். அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். பணமில்லாமல் செய்யக்கூடிய உதவிகளில் சரியான வழியைக் காட்டுவதும் ஒன்று.