பழைய சைக்கிளும் ஓர் எஃகு அளவுகோலும்

களியக்காவிளையிலிருந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை நோக்கிச் செல்லும் சாலையில் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். இப்பகுதிக் கிளையில் பணியேற்ற நாள் முதல், கல்லூரிக் காலத்தில் வாங்கிய கியர் சைக்கிளிலேயே அலுவலகம் சென்று வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதக் காலையில், இஞ்சிவிளையைத் தாண்டி ஓர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் பல்லை விட்டுத் துள்ளியது. கால் வெற்றிடத்தில் இறங்கியது. முழங்கால் கைப்பிடியில் மோத, சாலையோரம் விழுந்தேன். பின்னால் வந்த பேருந்து நின்றுவிட்டது. இல்லையெனில் இக்கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

முதல் நாள் மாலையில்தான் அந்தச் சைக்கிளுக்குப் புதிய செயின் போட்டிருந்தேன். பின்சக்கரத்தின் ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றுமாறு கடைக்காரர் சொன்னார். செயின் மட்டும் போதும் என்று சிக்கனம் பார்த்தவன் நானே.

புதிய செயின் ஏன் துள்ள வேண்டும்? உருளைச் செயினுக்கு ஹான்ஸ் ரெனால்டு 1880இல் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்றார். இன்றைய சைக்கிள் செயினும் அடிப்படையில் அதுவே. ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறோமே, உண்மையில் அதன் தகடுகள் நீள்வதில்லை. ஆணிகளும் அவை சுழலும் துளைகளும் தேய்வதால் ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை அளவு இடைவெளி கூடுகிறது. அப்படி இடைவெளி கூடிய செயின், பற்களின் அடியில் அமராமல் சற்று மேலே ஏறி அமர்கிறது. பற்களும் அதற்கேற்பத் தேய்ந்து கொக்கிபோல் வளைகின்றன. பழைய செயினும் பழைய பற்களும் ஒன்றுக்கொன்று பழகிவிடுவதால் சைக்கிள் குறையில்லாமல் ஓடுவதுபோலத் தோன்றும். சரியான அளவுள்ள புதிய செயினுக்கு அந்தக் கொக்கிகள் இடம் கொடுப்பதில்லை; அழுத்தி மிதித்ததும் அது மேலே ஏறித் துள்ளுகிறது.

வணிகவியல் படித்தவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஓர் இயந்திரத்தின் முக்கிய உறுப்பு ஒன்றின் ஆயுள் ஏனைய பாகங்களிலிருந்து வேறுபட்டால், அதற்குத் தேய்மானத்தைத் தனியே கணக்கிட வேண்டும் என்கிறது. நிறுவனங்களின் ஐந்தொகையில் இதைத் தேடிப் பார்க்கும் நான், என் சைக்கிளை மட்டும் ஒரே சொத்தாகப் பாவித்துவந்தேன். செயின் விரைவில் தேயும், விலையும் குறைவு. ஃப்ரீவீல் அதைவிட நாள்பட உழைக்கும். மிதிகளோடு சுழலும் பெரிய செயின் வீலுக்குப் பற்கள் அதிகம். சுமை பலவற்றில் பகிரப்படுவதால் அது நெடுங்காலம் நிற்கும். மலிவான பாகத்தை உரிய காலத்தில் மாற்றினால், விலை மிகுந்த மற்ற இரண்டும் பிழைக்கும்.

உரிய காலத்தை அறிய 30 சென்டிமீட்டர் எஃகு அளவுகோல் ஒன்று போதும். மிதியைச் சற்று அழுத்திச் செயினை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஓர் ஆணியின் நடுவில் சுழியத்தைப் பொருத்துங்கள். அங்கிருந்து இருபதாவது ஆணியின் நடுப்பகுதி, புதிய செயினில் மிகச்சரியாக 254 மில்லிமீட்டரில் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தால் கவனிக்கத் தொடங்கலாம். இரண்டை நெருங்கினால் செயினை மாற்றிவிட வேண்டும். இரண்டரையைத் தாண்டிவிட்டால் ஃப்ரீவீலும் பெரும்பாலும் போயிருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. நான் விழுந்த பிறகு கழற்றிய செயினை அளந்தேன், மூன்றரை மில்லிமீட்டர்!

பழைய சைக்கிளுக்குப் பாகம் வாங்குவதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. சாதாரண சைக்கிளின் செயின் கியர் சைக்கிளுக்கு ஆகாது. அதன் உள்ளகலம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கியர் செயினுக்கோ முப்பத்திரண்டில் மூன்று பங்கு. ஆறு அல்லது ஏழு பற்சக்கரங்கள் உள்ள வண்டிக்கு ‘6, 7, 8 ஸ்பீடு’ என்று குறிக்கப்பட்ட செயின் பொருந்தும். நீளத்தைப் பழைய செயினோடு ஒட்டி வைத்து வெட்டாதீர்கள். தேய்ந்த செயின் முழு நீளத்தில் ஒரு கண்ணி அளவுகூடக் கூடியிருக்கும் என்பதால், கண்ணிகளை எண்ணியே வெட்ட வேண்டும். கியர் நெம்புகோல் ‘க்ளிக்’ என்று படிப்படியாக நகரும் வகையாயின், புதிய ஃப்ரீவீலிலும் அதே எண்ணிக்கையில் பற்சக்கரங்கள் இருத்தல் அவசியம். படியின்றி வழுக்கி நகரும் பழைய வகையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஃப்ரீவீலைக் கழற்றுவதற்கு அதன் வடிவத்துக்குரிய ரிமூவர் வேண்டும். வடிவங்கள் பல என்பதால் சக்கரத்தையே கடைக்கு எடுத்துச் செல்வது மேல். நாம் மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே வந்த திருகு அது. ஸ்பேனரால் மல்லுக்கட்டுவதைவிட, ரிமூவரை வைஸில் பிடித்து, அதன்மேல் ஃப்ரீவீல் கீழ்நோக்கி இருக்கும்படி சக்கரத்தைப் பொருத்தி, டயரை இரு கைகளாலும் பற்றி இடஞ்சுழியாகத் திருப்பினால் இளகிவிடும். புதியதைப் பூட்டும்முன் திருகுமரையில் கிரீஸ் தடவ மறக்கக் கூடாது. ஆரக்கால்களை மாற்றும் எண்ணத்தில் சக்கரத்தைப் பிரிப்பவர்கள், ஃப்ரீவீலை முதலில் கழற்றிவிட வேண்டும். வெறும் குடத்தில் அதைக் கழற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

இப்பகுதியில் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. இடைப்பட்ட மாதங்களில் செம்மண் தூசி. எண்ணெயில் கலந்த தூசி, ஆணிகளுக்கிடையே உப்புத்தாள்போல் வேலை செய்யும். வொர்க்‌ஷாப்புகளில் வடித்த கழிவு ஆயிலைச் செயினில் ஊற்றும் பழக்கம் எல்லைக்கு இருபுறமும் இருக்கிறது. அந்த ஆயிலில் ஏற்கெனவே உலோகத் துகள்கள் உண்டு; அது வேண்டாம். மண்ணெண்ணெயில் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி எண்ணெய் இட்டு, மேலே படிந்ததைத் துணியால் எடுத்துவிட்டால் போதும். செயின் வெளியே பளபளப்பதால் பயனில்லை. எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும்.

விழுந்த அந்த வாரமே ஃப்ரீவீலையும் மாற்றினேன். செயின் வீலின் பற்கள் நல்ல நிலையில் இருந்ததால் அதைத் தொடவில்லை. சென்ற மாதம் அளந்தபோது இருபது கண்ணிகள் 254 மில்லிமீட்டரைவிட அரை மில்லிமீட்டர் கூடியிருந்தன. மழை ஓய்ந்ததும் மீண்டும் அளக்க வேண்டும்.