நேபாப்

நேபாப் என்பது, இந்தியாவில் பெரும்பொருள் சேர்த்துத் தாயகம் திரும்பிய ஆங்கிலேயரைக் குறிக்க 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் வழங்கிய இகழ்ச்சிச் சொல்லாகும். இன்று வழக்கு அருகிவிட்டது. மாளிகைகளையும் நாடாளுமன்ற இடங்களையும் விலைக்கு வாங்கிய இப்புதுப்பணக்காரர்களைப் பரம்பரைச் செல்வர்கள் இச்சொல்லால் எள்ளினர். 1772இல் சாமுவேல் ஃபூட்டின் நகைச்சுவை நாடகம் ஒன்று இதே பெயரில் மேடையேறியது.

சொற்பிறப்பு

அரபியில் ‘நாயிப்’ என்றால் ஒருவருக்குப் பதிலாகச் செயல்படுபவர். அதன் பன்மையிலிருந்து வந்தது ‘நவாப்’. முகலாயப் பேரரசரின் சார்பில் மாகாணத்தை ஆண்டவரின் பட்டம். இது போர்த்துக்கீசியத்தில் ‘நபாபோ’ என்றும் ஆங்கிலத்தில் ‘நேபாப்’ என்றும் திரிந்தது.

சென்னைத் தொடர்பு

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா (1749–1795), கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களிடம் கடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாக நிலவரி வருவாயை எழுதிக் கொடுத்தார். அந்த வட்டியின் சுமை உழவர்கள் தலையில் விழுந்தது. கடன் கொடுத்தவர்களுள் பெயர்பெற்றவர் பால் பென்ஃபீல்டு. 1768இல் கட்டி முடிக்கப்பட்ட சேப்பாக்கம் அரண்மனையை எழுப்பியவர் இவரே எனக் கூறப்படுகிறது. 1780இல் இவர் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினரானார்.

1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் இக்கடன்களைக் கண்டித்து நாடாளுமன்றத்தில் நீண்ட உரை நிகழ்த்தினார். ‘நேபாப்’ என்ற ஏளனம் பெரும்பாலும் பணக்காரரின் பிறப்பைக் குத்திக்காட்டியது. பர்க்கின் உரையோ அப்பணம் வந்த வழியைக் கேள்விக்கு உள்ளாக்கியது.