ஒண்ணு விட்டு ஒண்ணு!

ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி நடுவில் வந்து நுழைந்தால் நமக்கு எப்படிக் கோபம் வருகிறது! "ஏம்மா, நாங்கல்லாம் மனுஷங்களா தெரியலையா?" என்று நாலு குரலாவது எழும். அந்தக் கோபம் நியாயமானதுதான். கால் கடுக்க நிற்கிறவளுக்குத்தானே முதல் உரிமை? ஆனால் இதே நியாயத்தைக் கொண்டு போய் ரோட்டில் வைத்தால் அங்கே செல்லாது என்று நான் சொன்னால், பல சகோதரிகள் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள், அதற்கு முன்னால் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டு விடுங்கள்.

சென்னையில் வண்டி ஓட்டுகிற பெண்களுக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று உடனே புரியும். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலைக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மாதவரத்திலிருந்து சிப்காட் வரை ஒன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை ஒன்று, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஒன்று என மூன்று பாதைகள். மொத்தம் 118.9 கிலோமீட்டர் என்று திட்டம். எங்கள் ஆற்காடு ரோட்டில் ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை இன்னும் விசேஷம். ஒரே தூணில் மாடி வீடு மாதிரி மேலே ஒரு ரயில் பாதை, கீழே ஒரு ரயில் பாதை. பார்க்க அதிசயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தூண்களை எழுப்புவதற்காக ரோட்டின் நடுவே தகர அடைப்பு வைத்தார்களே, அந்த நாட்களை அங்கே ஸ்கூட்டர் ஓட்டியவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு வண்டி இணையாகப் போன இடத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். மெட்ரோ இல்லாத ஊர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்குப் பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாய், மேம்பாலம் என்று ஏதாவது ஒன்று இல்லாமலா போகும்?

அந்த அடைப்பு ஆரம்பிக்கிற வாயில் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் நின்று வேடிக்கை பாருங்கள். நடுவில் அடைப்பு இருப்பதால் வலது பக்கத்து வரிசை அங்கே முடிந்து விடும். எல்லாரும் இடது பக்கம் வந்தாக வேண்டும். நல்லவர்கள் எல்லாம் தூரத்திலேயே அறிவிப்புப் பலகையைப் பார்த்து இடது பக்கம் வந்து, ஒருவர் பின் ஒருவராக ஊர்ந்து கொண்டிருப்பார்கள். வலது பக்கம் வெறிச்சென்று கிடக்கும். அதில் ஒரு கார் ஜம்மென்று அடைப்பு வரை வந்து மூக்கை நுழைக்கும். அவ்வளவுதான்! வரிசையில் இருப்பவர்களுக்கு ரத்தம் கொதிக்கும். அவனை விடக் கூடாது என்று முன் வண்டியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நகர்வார்கள். ஹாரன் காதைப் பிளக்கும். இந்தச் சண்டை முடியக் காத்திருக்கப் பொறுமையில்லாத நாலு பைக் நடைபாதையில் ஏறும். ஒரு ஆட்டோ எதிர்ப் பக்கத்தில் இறங்கும். நூல்கண்டு பூனை கையில் அகப்பட்ட கதைதான்.

இதில் குற்றவாளி யார்? என் வீட்டுக்காரரைக் கேட்டால் சந்தேகமே இல்லாமல், முன்னால் வந்து நுழைந்தவன்தான் என்பார். ஒரு நாள் காரில் போகும்போது இதே மாதிரி ஒருவர் இண்டிகேட்டர் போட்டுக் காத்திருந்தார். "என்னங்க, ஒரு வண்டியை விடுங்களேன்" என்றேன். "நீ சும்மா இரு. நான் இருபது நிமிஷமா வரிசையில நிக்கறேன், இவன் நேரா வந்து பந்தியில உட்காருவானா?" என்று ஒரு இஞ்ச் கூட விடவில்லை. அன்றைக்கு நானும் பேசாமல் இருந்து விட்டேன். தலைவலியோடு வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுத்து, பிறகு மெதுவாக ஆரம்பித்தேன். இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் வாய்தாவில் இருக்கிறது.

என் கட்சி இதுதான். சமையலறையில் புனலை எடுத்துக்கொள்ளுங்கள். டின்னிலிருந்து எண்ணெயைப் புனல் வழியாகப் பாட்டிலுக்கு மாற்றும்போது, மேலே எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் கீழே இறங்குவது அந்தக் கழுத்து எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான். அடைப்பும் அதே மாதிரிதான். அந்தக் குறுகலான வழியில் நிமிஷத்துக்கு இத்தனை வண்டி என்று ஒரு கணக்கு உண்டு. எல்லாரும் ஒரே வரிசையாக நின்றாலும், இரண்டு வரிசையாக நின்றாலும் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது. மாறுவது வேறு. நூறு வண்டிகள் ஒற்றை வரிசையில் நின்றால் வால் எவ்வளவு நீளம், அதே நூறும் இரண்டு வரிசையாக நின்றால் எவ்வளவு நீளம்? பாதிதானே! நீண்ட வால் பின்னால் இருக்கிற சிக்னலை அடைக்கும். அடைப்புக்குச் சம்பந்தமே இல்லாமல் குறுக்குத் தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர்கள் கூட மாட்டிக்கொள்வார்கள். ஆக, காலியாகக் கிடக்கும் பாதையைக் கடைசி வரை உபயோகிக்கிறவர் திருடர் இல்லை. அந்த ரோடு அதற்காகத்தான் அங்கே இருக்கிறது. வாய் வரை இரண்டு வரிசையாக வந்து, வாயில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி நுழைந்தால் முடிந்தது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்து விடாதீர்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கிற என் அக்கா பையன் அங்கே லைசென்ஸ் எடுக்கப் படித்தபோது போனில் சொன்னான். அந்த ஊரில் இது வெறும் மரியாதை இல்லை, சட்டம். ஒரு பாதை முடிந்து போகிற இடத்தில், குறுகலுக்கு நேர் முன்னால், ஒரு வண்டிக்கு ஒரு வண்டி என்று வழி விட்டே ஆக வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஜிப்’ முறை! நாம் பிளவுஸிலும் பையிலும் தைக்கிறோமே, அதே ஜிப். இடது பல் ஒன்று, வலது பல் ஒன்று என்று மாறி மாறிக் கோத்துக்கொண்டு மூடுகிறது. ஒரு பக்கத்திலேயே இரண்டு பல் அடுத்தடுத்துப் போக முயன்றால் ஜிப் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆஸ்திரியாவிலும் இது சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலப் போக்குவரத்துத் துறை, இந்த முறையால் வண்டி வரிசையின் நீளம் 40 சதவீதம் வரை குறையும் என்று சொல்லி ஜனங்களுக்குப் பாடமே நடத்துகிறது. அங்கேயும் நம்மைப் போலவே ‘முன்னால் வருகிறவன் அயோக்கியன்’ என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால்தான் இத்தனை பிரசாரம்!

ஆனால் ஒன்று. இது வண்டிகள் ஊர்ந்து போகிற சமயத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: மிக மெதுவாகப் போகும்போது மாறி மாறிச் சேருங்கள், வேகமாகப் போகும்போது அது வேண்டாம். விடியற்காலையில் பைபாஸில் ரோடு காலியாக இருக்கும்போது அடைப்பு வரை வேகமாகப் போய்க் கடைசி நிமிஷத்தில் வளைப்பது பைத்தியக்காரத்தனம். அப்போது தூரத்திலேயே கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, இடைவெளி கிடைத்த இடத்தில் நிதானமாக மாறிக்கொள்ள வேண்டியதுதான்.

"அதெல்லாம் ஜெர்மனிக்குச் சரி, நம்ம ஊருக்கு ஆகுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அங்கே பெரும்பாலும் கார். இங்கே ஒரு பஸ்ஸின் அகலத்தில் நாலு ஸ்கூட்டர், ஒரு மீன்பாடி வண்டி, ஒரு தண்ணி லாரி. ஜிப்பின் பற்கள் எல்லாம் ஒரே அளவு. நம்முடைய பற்களோ ஒன்று உளுந்து, ஒன்று பூசணிக்காய்! இங்கேதான் பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டுகிற தாய்மார்களுக்கு இது மரியாதைப் பிரச்னையே இல்லை, உயிர்ப் பிரச்னை.

அடைப்பு நடு ரோட்டில் இருந்தால் வலது வரிசையில் வந்த பஸ்ஸும் லாரியும் இடது பக்கம் ஒதுங்கும். ஸ்கூட்டி எங்கே இருக்கும்? அதே இடது பக்கத்தில், பஸ்ஸை ஒட்டி! நம் நாட்டில் டிரைவர் உட்காருவது வலது பக்கம். பஸ்ஸின் இடது முன் மூலையை ஒட்டி நிற்கிற சின்ன வண்டி, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும். அது மட்டுமில்லை. நீளமான வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, இன்னும் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முன் பாதி நம்மைத் தாண்டி விட்டதே என்று நிம்மதிப்படுகிற நேரத்தில்தான் பின் பாதி நெருக்கும். நாம் இன்னும் ஓரம் ஒதுங்கினால் தார் ரோட்டின் விளிம்பு. அதற்குக் கீழே மண் அரை அடி பள்ளம். முன் சக்கரம் அதில் இறங்கினால் வண்டி சாய்வது பஸ் பக்கமாகவும் இருக்கலாம்.

ஆகையால் குறுகலுக்குள் நுழையும்போது ஸ்கூட்டிக்காரிகள் ‘சந்து கிடைக்குதே’ என்று பெரிய வண்டிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. ஒன்று, அதற்கு நன்றாக முன்னால் இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால். பக்கத்தில் மட்டும் வேண்டாம். பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் நமக்குத் தெரிந்தால்தான் நாம் அவருக்குத் தெரிவோம். நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தபோது இதைத்தான் முதலில் காட்டினேன். அவள் இப்போது, "ஆன்ட்டி, மூஞ்சி தெரியலை, நான் போக மாட்டேன்" என்று நின்று விடுகிறாள். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டே இருக்கட்டும்! அவளுக்கு மூன்று வயதுப் பையன் இருக்கிறான். நாலு வயதுக்குட்பட்ட குழந்தையை டூ வீலரில் ஏற்றினால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் போட வேண்டும், 9 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. எத்தனை பேர் வீட்டில் அந்தப் பெல்ட் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை.

கார் ஓட்டுகிற சகோதரிகளுக்கும் சில வார்த்தை. நுழைய வேண்டியவர் முன்கூட்டியே இண்டிகேட்டர் போட வேண்டும். மூக்கை நுழைத்த பிறகு போடுவது, சாப்பிட்டு முடித்த பிறகு இலை போடுகிற மாதிரி. வழி விடுகிறவர் முன் வண்டி நகர்ந்ததும் ஒரு விநாடி தாமதித்தால் போதும், இடம் தானாக உண்டாகி விடும். கண்ணாடி வழியாக ஒரு தலையசைப்பு. உள்ளே வந்தவர் கையை உயர்த்தி ஒரு நன்றி. இது நம் ஊரில் இன்னும் அவ்வளவாகப் பழக்கமாகவில்லை. ஆனால் ஒரு முறை செய்து பாருங்கள், எதிராளியின் முகம் எப்படி மலர்கிறது என்று!

அவர் வால் பிடித்துக்கொண்டே இரண்டாவது வண்டியும் நுழையப் பார்க்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. இது உங்கள் முறை, தயங்காமல் நகருங்கள். இன்னும் சிலர் தர்மப் பிரபுக்கள். ஒரேயடியாக நின்று, "போங்க, போங்க" என்று ஐந்தாறு வண்டிகளை உள்ளே விடுவார்கள். பார்க்கப் பெருந்தன்மைதான். ஆனால் அவருக்குப் பின்னால் நிற்கிற நாற்பது பேருடைய நேரத்தையல்லவா எடுத்துக் கொடுக்கிறார்? ‘ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்ற கதை! ஒன்றுக்கு ஒன்று, அதற்கு மேல் தர்மமும் வேண்டாம்.

சில இடங்களில் கொடியும் விசிலுமாக ஒருவரை நிறுத்தியிருப்பார்கள். போலீஸ் உடுப்பு இல்லையே என்று அவரை அலட்சியம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் கை காட்டினால் நம்முடைய ஒண்ணு விட்டு ஒண்ணு கணக்கெல்லாம் ஒத்தி வைக்கப்பட்டது என்று அர்த்தம். வெயிலில் தூசியைத் தின்றுகொண்டு நாள் பூராவும் நிற்கிறவர் அவர். மழை நாளில் இன்னொரு ஆபத்து. தோண்டின பள்ளத்தின் மேல் இரும்புத் தகடு போட்டிருப்பார்கள். ஈரத் தகடு வாழைப்பழத் தோல் மாதிரி வழுக்கும். அதன் மேல் போகும்போது பிரேக்கும் போடாதீர்கள், வளைக்கவும் செய்யாதீர்கள். தகடு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து நேராகத் தாண்டி விடுங்கள்.

கடைசியாக, 108 வண்டியின் சத்தம் கேட்டால் இந்த முறை வரிசை எதுவும் கிடையாது. வழி விடாவிட்டால் 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கும். ஆனால் அடைப்புக்குள் மாட்டியிருப்பவர் ஒதுங்க இடம் ஏது? அவர் நிற்காமல் முன்னேறி வெளியே போய்த்தான் ஒதுங்க முடியும். நிற்க வேண்டியது இன்னும் வாய்க்குள் நுழையாமல் வெளியே இருப்பவர்கள். இரண்டு வரிசையும் ஆளுக்குக் கொஞ்சம் வலதும் இடதுமாக விலகி நின்றால் நடுவில் ஆம்புலன்ஸ் போகிற அளவுக்கு ஒரு பிளவு கிடைக்கும். இரண்டு வரிசையாக வருவதில் இப்படியும் ஒரு லாபம் உண்டு என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதுக்கு மட்டும் ஒத்துக்கறேன்" என்றார்.