அரச மரமும் அழிந்த போட்டோக்களும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பலர் நாள் முழுவதும் அதன் முன்னால் உட்கார்ந்து விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். மனைவி இறந்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. காலையில் மானிட்டரைப் போட்டால் தூக்கம் வரும் வரை சீட்டாட்டம்தான். இதைப் பார்த்த என் மகள், சும்மா கிடந்த தன் பழைய டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தினமும் கண்மாய்க் கரை வரைக்கும் நடந்துட்டு வாங்கப்பா. ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தாப் போதும்" என்றாள்.

மாசி முதல் வாரம் தொடங்கினேன். கரையில் ஓர் அரச மரம் இலைகளை உதிர்த்துவிட்டு வெறும் கிளைகளோடு நின்றது. தினமும் ஒரே இடத்தில் நின்று அதை ஒரு படம் எடுத்தேன். சில நாட்களில் கிளை நுனிகளில் செம்பு நிறத்தில் துளிர்கள் தெரிந்தன. பிறகு அவை பச்சையாக மாறின. பக்கத்தில் கல்யாண முருங்கை இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்திருந்தது. தேன் குடிக்க மைனாக்களும் தேன்சிட்டுகளும் வந்தன. பங்குனி பிறந்ததும் வேம்பு பூத்தது. குயில் கூவத் தொடங்கியது. இத்தனை வருடம் அதே கரையில் பைக்கில் போயிருக்கிறேன். இதில் எதையும் பார்த்ததில்லை.

படம் எடுப்பதிலும் சில விஷயங்கள் பிடிபட்டன. காலை வெயில் நம் முதுகுப் பக்கம் இருந்தால் பூவின் நிறம் நன்றாக விழும். பூவை மிக அருகில் எடுக்க, கேமராவில் பூ படம் போட்ட மேக்ரோ மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டிஜிட்டல் ஜூமைப் பயன்படுத்தாமல் இரண்டடி முன்னால் நடந்து செல்வதே நல்லது.

வந்தது வினை

ஒரு நாள் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது, காப்பி கொடுக்காமல் கட் கொடுத்து பேஸ்ட் செய்தேன். வேலை முடிவதற்குள் அவசரப்பட்டு மெமரி கார்டை உருவிவிட்டேன். மீண்டும் செருகினால், கார்டை பார்மட் செய்ய வேண்டும் என்று செய்தி வந்தது. ஒரு மாதப் படங்கள்! அன்று சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை.

நல்ல வேளையாக நான் பார்மட் கொடுக்கவில்லை. மகளுக்குப் போன் செய்தேன். "அந்தக் கார்டுல இனிமே ஒரு படம்கூட எடுக்காதீங்கப்பா" என்றாள். காரணம் இதுதான். ஒரு பைலை அழிக்கும்போது, அது இருந்த இடம் காலி என்று குறித்து வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். அதே இடத்தில் புதிய பைல் எழுதப்படும் வரை பழைய படம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

போட்டோரெக் என்ற இலவச புரோகிராமை இறக்கிக் கொண்டோம். இது டெஸ்ட்டிஸ்க் என்ற புரோகிராமுடன் சேர்ந்தே கிடைக்கிறது. அதில் கார்டைத் தேர்ந்தெடுத்து, முழுவதையும் தேடும்படி அமைத்தோம். மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்கக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கில் தனி போல்டர் ஒன்றைத் திறந்து அதைக் காட்ட வேண்டும்.

படங்கள் வந்தன. ஆனால் பெயர்கள் எல்லாம் வெறும் எண்களாக மாறியிருந்தன. கவலை வேண்டாம். கேமரா ஒவ்வொரு படத்தின் உள்ளேயும், எடுத்த தேதியையும் நேரத்தையும் எழுதி வைக்கிறது. போல்டரில் வியூ மெனு சென்று டீடெய்ல்ஸ் தேர்ந்தெடுத்து, டேட் டேக்கன் என்பதன்படி வரிசைப்படுத்தினேன். அரச மரம் மொட்டையிலிருந்து பச்சை வரை வரிசையாக வந்து நின்றது.

அந்த வரிசையின் தொடக்கத்தில் நான் எடுக்காத ஒரு படம் இருந்தது. மகள் எப்போதோ எடுத்து அழித்தது. வாசலில் உட்கார்ந்து என் மனைவி பூத் தொடுத்துக் கொண்டிருக்கிறாள். கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகக் கெட்டுப் போயிருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்தேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை

கட் வேண்டாம்; எப்போதும் காப்பி செய்திடவும். படங்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டில் உள்ளதை அழிக்கவும். கார்டை எடுக்கும் முன் எஜெக்ட் கொடுக்கவும். கேமராவில் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா எனப் பார்க்கவும். எல்லாப் படங்களுக்கும் வேறொரு டிஸ்க்கில் இன்னொரு பிரதி இருக்கட்டும். பழைய கார்டை வெளியாட்களுக்குக் கொடுக்கும் முன் யோசிக்கவும். அழித்த படங்கள் அவர்களுக்கும் கிடைக்கலாம்.

இப்போது அந்தப் படத்திற்கு மூன்று பிரதிகள் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரை நான் திறப்பது நடந்துவிட்டு வந்த பிறகுதான்.