விமானத்தில் போனால் கதிர்வீச்சு படுமா?

சென்னையில் பேரன் கல்யாணம், சொந்த ஊரில் குலதெய்வக் கோயில் என்று புறப்படும்போது, “மேலே போகப் போகக் கதிர்வீச்சு அதிகமாமே, இந்த வயதில் போகலாமா?” என்று கிளினிக்கில் சிலர் கேட்கிறீர்கள். அதிகம் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு?

விண்வெளியிலிருந்து நுண்துகள்கள் ஓயாமல் வந்து காற்றில் மோதுகின்றன. மோதும்போது நியூட்ரான் என்ற துகளும் தெறிக்கிறது. 1912-இல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி அளந்தார். தரையைவிட மேலே கதிர்வீச்சு கூடுதலாக இருந்தது. நியூட்ரானைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகு, 1932-இல். இன்று அதைத் தனியாக எண்ணும் கருவி உண்டு. வாயு நிரப்பிய குழாயைச் சுற்றித் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். உறை நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும், குழாய் எண்ணும்.

தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்குத் தெரியும்: ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் வெயில் நேராக முதுகில் இறங்கும். நம் தலைக்கு மேலுள்ள காற்றும் அந்த இலைக்கூரை மாதிரிதான். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலே சுமார் 10 டன் காற்று இருக்கிறது. மேலே போகப் போக அந்தக் கூரை மெலிகிறது. ஈப்போவைவிடக் கேமரன் மலையில் நியூட்ரான் இரண்டு மடங்குக்கு மேல்; விமானம் பறக்கும் 10 கிலோமீட்டர் உயரத்தில் நூறு மடங்குக்கும் மேல்.

நூறு மடங்கு என்றதும் பயப்படாதீர்கள். தரையில் இருப்பது மிகமிகக் கொஞ்சம். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரப் பயணத்தில் உடம்பில் படும் மொத்தக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 மைக்ரோசீவர்ட். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் ஏறத்தாழ 20. ஓராண்டில் இயற்கையாகவே ஒருவருக்குக் கிடைப்பது, உலகச் சராசரிப்படி 2,400. கருங்கல் மலையும் ஈய மணலும் உள்ள நம் கிந்தா பள்ளத்தாக்கில் தரையிலிருந்து வரும் பங்கு இன்னும் கூடுதல். லண்டன் பயணத்தில் சென்னையைவிட அதிகம் படும். நேரமும் நீளம், நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமியின் காந்த சக்தி தரும் பாதுகாப்பும் வடக்கே போகப் போகக் குறையும். அதுவும் பயணத்தைத் தள்ளிப்போடும் அளவு அல்ல.

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுத்தவர்களும் பறக்கலாம். அந்தக் கதிர் உடம்பில் தங்குவதில்லை. கர்ப்பமாக இருக்கும் பேத்தி விமானத்தில் வேலை செய்பவராக இருந்தால், அவர் மட்டும் தம் நிறுவனத்திடம் சீக்கிரமே தெரிவிக்க வேண்டும்.

நாங்கள் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் கட்டலாம். அடிக்கடி பாதத்தை அசையுங்கள், முடிந்தால் எழுந்து நடங்கள். இனிப்புநீர், இரத்த அழுத்த மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள். இருதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் அண்மையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் டிக்கெட் எடுக்கும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.