தொண்டைப் புண்ணும் இருதயக் கதவும்

தொண்டை வலி என்றால் நம் வீடுகளில் யாரும் அஞ்சுவதில்லை. பாலில் மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்டுக் கொடுத்தால் போதும் என்று இருந்துவிடுவார்கள். பெரும்பாலும் போதுமானதுதான். ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் தொண்டைப் புண் வேறு ரகம். அது ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் சிலருக்குக் காய்ச்சல் கண்டு, முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கும். இதை ருமாட்டிக் ஜுரம் என்பார்கள். மூட்டு வீக்கம் சுவடின்றி மறைந்துவிடும். இருதயத்தில்தான் வடு தங்கிவிடுகிறது.

மதுரைக்குத் தெற்கே, அவனியாபுரம் செல்லும் வழியிலுள்ள வில்லாபுரத்தில் அடிகுழாயில் குடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேலே ஏறிய நீரைத் திரும்ப இறங்கவிடாமல் குழாய்க்குள் ஒரு தடுப்பு உண்டு. இருதயத்தின் இடது கீழறைக்கும் மகாதமனிக்கும் நடுவே அந்த வேலையைச் செய்பவை பிறை வடிவான மூன்று மெல்லிய இதழ்கள். நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை திறந்து மூடுகின்றன.

ருமாட்டிக் ஜுரம் பெரும்பாலும் முதலில் மைட்ரல் வால்வைத் தாக்கும். அடுத்தபடி இந்த மகாதமனி வால்வை. இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வாசல் குறுகும். சுருங்கினால் ரத்தம் பின்னே வழியும். வேறு காரணங்களும் உண்டு. நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் பிறக்கும்போதே இரண்டு இதழ்களோடு பிறக்கிறார்கள். முதியவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து படிந்து இதழ்கள் ஓடுபோல் இறுகுகின்றன. (வெற்றிலைச் சுண்ணாம்பின்மேல் பழி போட வேண்டாம், இது உடலுக்குள்ளேயே நடக்கும் காரியம்.)

இந்நோயின் வஞ்சகம் அதன் மௌனம். வாசல் குறுகக் குறுக, இருதயம் தன் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு மேலும் பலமாகத் தள்ளுகிறது. பல ஆண்டுகள் ஆள் திடமாகவே தெரிவார். பிறகு ஒருநாள் மாடிப்படி ஏறுகையில் மயக்கம், மார்வலி, மூச்சுத் திணறல். வெயில் என்றும் பித்தம் என்றும் சொல்லிச் சமாதானம் அடைவார்கள். கடுமையாகக் குறுகிய வால்வை இந்நிலையிலும் மாற்றாவிட்டால் பெரும்பாலோருக்கு மிஞ்சுவது இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளே. இத்தனைக்கும், வெகு முன்னரே ஸ்டெதாஸ்கோப்பில் கரகரப்புச் சத்தம் கேட்டிருக்கும்!

சிறு வீட்டில் பலர் நெருங்கிப் படுக்கும் இடங்களில் இக்கிருமி சுலபமாகத் தாவும். உரிய காலத்தில் பெனிசிலின் கொடுத்தால் ஜுரத்தையே தடுக்கலாம். ஜுரம் ஒருமுறை வந்துவிட்ட பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஓர் ஊசி வீதம் பல ஆண்டுகள் போட வேண்டும். பிள்ளை அழுகிறதென்று நடுவில் நிறுத்தினால் ஜுரம் திரும்பும். வால்வு மேலும் கெடும்.

முற்றிலும் கெட்ட வால்வை மருந்தால் செப்பனிட முடியாது. அயல்நாட்டு வால்வின் விலை எட்டாதிருந்த காலத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் குழுவினர் உள்நாட்டு வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தனர். மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவது வடிவம் 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகச் சட்டத்துக்குள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் தட்டு அது. பொருத்திக்கொண்டவர்கள் ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு சரிதானா என்று அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.